பினாங்கில் வேறு வைத்தால்: செட்டிநாட்டிலிருந்து கிளம்பும் புதுத் தம்பதிகள் அடிக்கடி கேட்பவை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கமிருந்து பினாங்குக்குக் குடிபோகும் தம்பதிகளுக்காக எழுதியது இது. விடுமுறையில் ஊருக்கு வந்து முகப்பில் உட்கார்ந்தால் போதும், காப்பி வருவதற்குள் கேள்வி வந்துவிடும். சொந்தத்தில் கேட்டது, தெருவில் கேட்டது, தோழி தன் மகளுக்காகப் போனில் கேட்டது எல்லாம் இதில் உண்டு. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் மகனுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச காலம் போனதும் தம்பதியை "வேறு வைப்பார்கள்". வீட்டை விட்டு வெளியே அனுப்புவதில்லை. அதே வீட்டில் தனி அடுப்பு, தனிக் கணக்கு. அரிசி, பருப்பு, பாத்திரம், வருஷச் செலவுக்கு இவ்வளவு என்று கையில் கொடுத்து, "இனி உங்கள் பாடு" என்று விட்டுவிடுவார்கள். கூரை ஒன்று, உலை வேறு. எங்களுக்கு அந்த அடுப்பு ஊர் வீட்டின் இரண்டாங்கட்டில் அமையவில்லை, கடலுக்கு அந்தப் பக்கம் அமைந்தது.

பினாங்கு தீவா, ஊரா?

இரண்டும். மலேசியாவின் வடமேற்கில் இருக்கும் மாநிலம் பினாங்கு. அதில் ஒரு பகுதி தீவு, மறுபகுதி நிலப்பக்கம். நிலப்பக்கத்துக்குச் செபராங் பிறை என்று பெயர். தீவு 300 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. தலைநகர் ஜார்ஜ் டவுன், 2008இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. தீவையும் நிலத்தையும் இரண்டு பாலங்கள் இணைக்கின்றன. பழையது 1985இல் திறந்தது, பதின்மூன்றரை கிலோமீட்டர். புதியது 2014இல் வந்தது, 24 கிலோமீட்டர். பெர்ரியும் ஓடுகிறது.

"தீவு" என்றதும் ஓலைக் குடிசையும் மணல் திட்டும் மனதில் வைத்துக்கொண்டு வந்து இறங்காதீர்கள். முதலில் கண்ணில் படுவது அடுக்குமாடிதான்.

எங்கள் ஐயா கொண்டுவிற்கப் போன பினாங்குதானே?

அதே பினாங்குதான். (ஐயா என்றால் எங்கள் பேச்சில் தாத்தா; கொண்டுவிற்பது என்றால் கடல் கடந்து போய்த் தொழில் பார்ப்பது.) பினாங்கு வீதியில் செட்டியார்களின் கிட்டங்கிகள், அதாவது வட்டித்தொழில் நடந்த கூட்டுக் கடை வீடுகள், இருந்தன. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஒரு வரிசையே ஊரிலிருந்து போய், கிட்டங்கியிலேயே படுத்து, அங்கேயே சாப்பிட்டு, மூன்று வருஷக் கணக்கு முடிந்ததும் கப்பலேறி வருவார்கள். போனவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஆச்சிமார் (வீட்டுப் பெண்கள்) இங்கே வளவில் (முற்றத்தைச் சுற்றிய வீட்டுப் பகுதியில்) இருந்து நிலம், வட்டி, பிள்ளை, மாமியார் அத்தனையும் பார்த்துக்கொண்டார்கள்.

அதனால்தான் அந்தக் காலத்து அனுபவத்தை வைத்து இன்றைக்குப் புத்தி சொல்வது பாதிதான் உதவுகிறது. ஊர் பழக்கமான ஊர். ஆனால் ஆணும் பெண்ணுமாகப் போய் அங்கே ஒரு குடித்தனம் வைப்பது வேறு வேலை. ஐயாவுக்கு அங்கே சமையல்காரர் இருந்தார், கூட்டாளிகள் இருந்தார்கள். அப்பத்தாவுக்கு இங்கே ஒரு வளவு நிறைய ஆள் இருந்தது. நமக்கு இரண்டு பேர்தான் மொத்த வீடும்.

அவருக்கு வேலை கிடைத்துவிட்டது. நானும் போய் வேலை தேடிக்கொள்ளலாமா?

தேடலாம், உடனே சேர முடியாது. வேலைக்கு வருகிறவருக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ். கூட வரும் மனைவிக்கோ கணவருக்கோ டிபெண்டன்ட் பாஸ். இந்த இரண்டாவது பாஸை வைத்துக்கொண்டு சம்பள வேலை பார்க்கக் கூடாது. உங்களை வேலைக்கு எடுக்கும் நிறுவனம் உங்கள் பேருக்குத் தனியாகப் பாஸ் எடுக்க வேண்டும். "வந்து பார்த்துக்கலாம்" என்று கையிலிருக்கும் நல்ல வேலையை விட்டுவிட்டு வருவதற்கு முன்னால் இதை இருவரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். பின்னால் வரும் மனக்கசப்பில் பாதி இங்கேதான் முளைக்கிறது.

இன்னொன்று. இசைகுடிமானம் (கல்யாணத்தின்போது இரு வீட்டாரும் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம்) எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்றே, அது போதாதா என்று ஒரு பெரியவர் கேட்டார். நம் கோயிலுக்கு அது போதும், குடிநுழைவுத் துறைக்குப் போதாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் திருமணத்தைப் பதிந்து வாங்கிய சான்றிதழ் வேண்டும். அதில் இருக்கும் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். நம் பக்கத்தில் அப்பா பெயரின் முதலெழுத்து, ஐயா பெயரின் முதலெழுத்து, வீட்டு அடையாள எழுத்துகள் என்று நான்கைந்து போடும் வழக்கம் இருக்கிறதே, அது எத்தனை பேரை அலைய வைத்திருக்கிறது தெரியுமா! சான்றொப்பம் எங்கெங்கே வாங்க வேண்டும் என்பதை வேலை கொடுக்கும் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த வழியாகப் போவது?

சென்னையிலிருந்து பினாங்குக்கு 2024 டிசம்பரில் நேரடி விமானம் தொடங்கியது. நம் ஊருக்கு வசதி என்று பார்த்தால் திருச்சி. காரைக்குடியிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர். அங்கிருந்து கோலாலம்பூர், பிறகு உள்நாட்டு விமானத்தில் ஒரு மணி நேரம். கோலாலம்பூரிலிருந்து ரயிலில் வந்தால் பட்டர்வொர்த்தில் இறங்கி, பெர்ரியில் தீவுக்கு வரலாம். மூட்டை முடிச்சு குறைவாக இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன். தீவை முதன்முதலாகத் தண்ணீர் வழியே பார்ப்பது தனி.

இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசியாவின் மின்னணு வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் போலி.

வீடு எந்தப் பக்கம் பார்ப்பது?

வேலை எங்கே என்பதைப் பொறுத்தது. மின்னணுத் தொழிற்சாலைகள் தீவின் தெற்கே பயான் லெப்பாஸில் இருக்கின்றன. அந்தத் தொழிற்பேட்டை 1972இல் தொடங்கியது. அங்கே வேலையென்றால் பயான் பாரு, சுங்கை ஆரா, ரெலாவ் பக்கம் பாருங்கள். கெலுகோர் நடுவாந்தரம். வடக்கே தஞ்சோங் தோக்கோங், தஞ்சோங் பூங்கா கடலோரம். பார்க்க அழகு, வாடகை ஏறும், தெற்கே வேலைக்குப் போக நேரமும் ஆகும். நிலப்பக்கத்தில் வாடகை குறைவு, தமிழர்களும் நிறைய. ஆனால் தினமும் காலையில் பாலத்தில் வண்டிகள் நிற்கும் வரிசையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முன்பணம் நம் ஊர் மாதிரி பத்து மாதம் இல்லை. இரண்டு மாத வாடகை வைப்பு, மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம், அதோடு முதல் மாத வாடகை, இதுதான் வழக்கம். ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சாவி வாங்கிய அன்றே சுவரில் இருக்கும் ஒவ்வொரு கீறலையும், ஏர்கண்டிஷனரின் கீழே இருக்கும் தண்ணீர்க் கறையையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது வைப்புத் தொகையில் பேச்சு வளரும் இடம் இதுதான்.

மேற்கு பார்த்த வீடு பரவாயில்லையா?

வாஸ்துவுக்குக் கேட்கிறீர்களா, வெயிலுக்கா? வெயிலுக்கென்றால் வேண்டாம். சாயங்காலம் ஏழு தாண்டியும் வெளிச்சம் இருக்கும், அதுவரை அந்த அறை அடுப்புத்தான்.

சீர் சாமான் எவ்வளவு எடுத்துப் போவது?

அம்மாமார் விரும்பாத பதிலைச் சொல்கிறேன்: கால்வாசியில் கால்வாசி.

நம் சீர் வரிசை பெரிய வீட்டை மனதில் வைத்துப் போட்டது. அண்டா, குத்துவிளக்கு ஜோடி, அடுக்கு எவர்சில்வர், டஜன் கணக்கில் தட்டு, டம்ளர். அங்கே அடுப்படி நம் வீட்டுச் சாமான் அறையில் ஒரு மூலை அளவுதான். பெட்டியில் இடம் கிடைத்தால் எதை வைப்பது? அங்கே கிடைக்காததை. தேன்குழல் அச்சு, சீப்புச் சீடைக் கட்டை, குழி நன்றாகப் பழகிய பணியாரச் சட்டி, வாகான எண்ணெய்க் கரண்டி. இதில் பணியாரச் சட்டியை மட்டும் புதிதாக வாங்காதீர்கள். அயித்தையிடம் (மாமியாரிடம்) கேட்டுப் பழையதை வாங்கிக்கொண்டு, புதியதை அவர்களிடம் விட்டுவிட்டு வாருங்கள்.

மிக்சியும் டேபிள்டாப் கிரைண்டரும் எடுத்துப் போகலாம், அங்கேயும் நம் ஊர் மின்சாரத்துக்கு ஏற்ற அளவுதான். செருகி மட்டும் வேறு. சதுரமான மூன்று முள். ஒரு மாற்றுச் செருகி போதும். கனம் யோசித்தால் ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவிலேயே இரண்டும் விற்கிறது.

மங்குச் சாமான் (எனாமல் பாத்திரம்) பற்றி ஒரு துணுக்கு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருளாக விலை சொல்கிறார்களே, பூப்போட்ட மங்குத் தூக்கு, அதே மாதிரித் தூக்கைப் பினாங்கில் சீனர் கடைகளில் தொங்கவிட்டிருப்பதைப் பார்க்கலாம். அதைப் போய் இங்கிருந்து சுமக்க வேண்டாம்.

மசாலா சாமான்?

கல்பாசி, மராட்டி மொக்கு எடுத்துப் போங்கள். சோம்பு, பட்டை, அன்னாசிப்பூ எல்லாம் தாராளமாகக் கிடைக்கும். சாதிக்காய் தீவிலேயே விளைகிறது. பாலிக் பூலாவ் பக்கம் சாதிக்காய்ச் சதையை ஊறுகாய் போட்டும், சாறெடுத்தும் விற்பார்கள்.

கசகசாவில் கவனம். மலேசியக் கடைகளில் விற்கிறது, அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். ஆனால் சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் பெட்டியில் வைக்கவே கூடாது. அங்கே போதைப்பொருள் தடுப்புத் துறையின் அனுமதியில்லாமல் கசகசா கொண்டுபோவது குற்றம். குருமாவுக்கு அரைக்கிற பண்டம்தானே என்று சொல்லித் தப்ப முடியாது.

மழை எப்படி? புழுக்கமாமே?

நாம் கண்மாயும் ஊருணியும் பார்த்து வளர்ந்தவர்கள். ஐப்பசி கார்த்திகையில் பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் ஓட்டிலிருந்து விழும் தண்ணீரை அண்டாவில் பிடித்து வைக்கிற வீடு நம்முடையது. அங்கே வருஷம் முழுக்கப் பெய்யும். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை கூடுதல், ஜனவரி பிப்ரவரியில் கொஞ்சம் ஓய்வு. வெயில் அளவு நம் சித்திரையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை, 32 டிகிரிக்குப் பக்கத்தில் நின்றுவிடும். காற்றில் இருக்கும் ஈரம்தான் ஆளை அசத்தும்.

வீட்டுப் பெண்களுக்கு இதன் அர்த்தம் என்ன தெரியுமா? காரைக்குடியில் டின்னில் போட்டு வைத்தால் ஒரு மாதம் மொறுமொறுவென்று இருக்கும் சீடை, அங்கே மூடியைச் சரியாக மூடாவிட்டால் மறுநாளே நமுத்துவிடும். மிளகாய்ப் பொடி கட்டிதட்டும். உப்பு கசியும். வற்றல் வடாம் போடலாம் என்று மாடிக்கு எடுத்துப் போனால், முதல் நாள் காய்ந்தது இரண்டாம் நாள் மழையில் கூழாகும். அதனால் பொடிகளைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டிப் ப்ரீசரில் வையுங்கள். வற்றலை ஊரிலேயே காயவைத்து எடுத்துப் போங்கள்.

பட்டுச் சேலைதான் பெரிய கவலை. மடித்து அலமாரியில் வைத்தால் மடிப்புக் கோட்டிலேயே பூஞ்சை பிடிக்கும், சரிகை கருக்கும். இரண்டு பட்டு போதும். மிச்சத்தை ஊரில் பெட்டகத்தில் விட்டுவிடுங்கள். கண்டாங்கி அங்கே கட்டத் தோதான சேலை. துவைத்துக் காயவைத்து, மறுபடி கட்டினால் போதும், பொத்திப் பாதுகாக்கும் தொல்லை இல்லை.

ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபரில் சில வருஷங்களில் சுமத்ராவில் காடு எரியும் புகை கடல் தாண்டி வரும். மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் அந்தச் சமயம் ஜன்னலைச் சாத்தி வைக்க வேண்டியிருக்கும்.

நம் சாப்பாடு கிடைக்குமா?

லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு, தோசை, கறிவேப்பிலைக் கொத்து, முருங்கைக்காய் எதற்கும் குறையில்லை. ஊர் முழுக்க நாசி கண்டார் கடைகள். அதைத் தொடங்கியவர்கள் தமிழ் முஸ்லிம்கள், அதில் நம் ராமநாதபுரம் பக்கத்தார் பலர். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் "டாகிங்" (மாட்டிறைச்சி) இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மீனுக்குக் கவலையே வேண்டாம். காலைச் சந்தையில் தெங்கிரி என்று கேட்டால் வஞ்சிரம், கெம்போங் என்றால் கானாங்கெளுத்தி, பாவால் என்றால் வாவல். கருவாடு வறுத்தால் பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்று ஒரு பெண் கேட்டாள். பக்கத்து வீட்டில் பெலாச்சான் (இறால் விழுது) வறுக்கும் நாளில் அவளுக்கே பதில் தெரிந்துவிடும்.

இனிப்புக்கு ஒரு நல்ல சேதி. கவுனி அரிசி (கறுப்பு அரிசி) பர்மாவிலிருந்து நம் வீடுகளுக்கு வந்தது என்பார்களே, அதன் சொந்தக்காரன் அங்கே எந்தக் கடையிலும் "பூலுட் ஹீத்தாம்" என்ற பெயரில் கிடைக்கிறது. அவர்கள் கஞ்சியாகக் காய்ச்சித் தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிடுவார்கள். நாம் வழக்கம்போல ராத்திரியே ஊறவைத்து, அதே தண்ணீரில் குழைய வேகவிட்டு, சீனி, தேங்காய்ப்பூ, நெய் போட்டுக் கிளறினால் ஊர்க் கவுனிக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க அப்பத்தா வர வேண்டும். கொஞ்சம் ஒட்டும் தன்மை அதிகம், தண்ணீரை ஒரு கரண்டி குறைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைப் பணியாரத்துக்கு மட்டும் அங்கத்திய மணமுள்ள தாய்லாந்து அரிசியைத் தொடாதீர்கள். மாவு பசையாகிவிடும், பணியாரம் எண்ணெயில் விரிந்து எழாது. இந்தியப் பச்சரிசி என்று கேட்டு வாங்குங்கள்.

கோயில், நோன்பு எல்லாம்?

இதில் நாம் கொடுத்துவைத்தவர்கள். தண்ணீர்மலையில் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயில் 1850களிலிருந்து இருக்கிறது. அந்த ஊர் முருகனின் நினைவாகத் தண்ணீர்மலை என்று பிள்ளைக்குப் பெயர் வைத்த குடும்பங்கள் இன்னும் நம் ஊர்களில் உண்டு. தாவரவியல் பூங்காவுக்குப் போகும் வழியில் இருக்கிறது கோயில். குரங்குகள் ஜாஸ்தி, தேங்காய் பழத் தட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மலைமேல் இருக்கும் பாலதண்டாயுதபாணி கோயில் வேறு. அதற்கு ஐந்நூறுக்கு மேல் படி.

தைப்பூசத்துக்கு முதல் நாளைச் செட்டிப் பூசம் என்பார்கள். விடியற்காலையில் பினாங்கு வீதிக் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் கிளம்பும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் காரைக்குடியில் செய்து கப்பலில் கொண்டுபோன ரதம் அது. வழி நெடுகத் தேங்காயை மலையாகக் குவித்து வைத்திருப்பார்கள். ரதம் நெருங்கியதும் தமிழரும் சீனருமாக வரிசையில் நின்று தார் ரோட்டில் ஓங்கி உடைப்பார்கள். இளநீர் கணுக்காலுக்கு ஓடும், சிதறிய ஓட்டை மண்வாரி இயந்திரம் வந்து தள்ளும். செருப்பில்லாமல் போனால் காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். தைப்பூசத்துக்குப் பினாங்கில் அரசு விடுமுறை. பழனிப் பாதயாத்திரையை விட்டுவிட்டோமே என்று வருத்தப்படுகிறவர்கள் அன்றைக்கு ரதத்தோடு நடந்துவிடலாம்.

பிள்ளையார் நோன்பை அங்கேயும் விடாமல் நடத்துகிறோம். திருக்கார்த்திகையிலிருந்து நாளுக்கொன்றாக உருவியெடுத்துத் திரியாக்கும் 21 நூலிழைக்கு, புது வேட்டியை ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள். ஆவாரம்பூவும் காய்ந்ததாகக் கொஞ்சம். திரியை மாவில் வைத்து ஏற்றிக் கொடுக்க வயதில் மூத்தவர் ஒருவர் வேண்டுமே, அதற்காகவே நாலைந்து குடும்பம் ஒரு வீட்டில் கூடுகிறோம். மூத்தவர் என்று உட்காருகிறவருக்குச் சில வருஷம் நாற்பது வயதுகூட ஆகியிருக்காது! முன்னோருக்குப் படைக்கும் படைப்பு மட்டும் அங்கே ஆகாது, அது பங்காளிகளோடு ஊரில்தான். புள்ளி வரியை (தம்பதியை ஒரு புள்ளியாக எண்ணிக் கோயிலுக்குக் கட்டுவது) ஊரிலுள்ள ஒருவரிடம் பொறுப்பாகச் சொல்லிக் கட்டிவிடுங்கள். வெளிநாட்டில் இருந்தாலும் புள்ளி புள்ளிதான்.

மலாய் தெரியாமல் சமாளிக்கலாமா?

தமிழும் ஆங்கிலமும் வைத்தே ஓட்டலாம். ஆனால் எண்கள், காய்கறிப் பெயர், "தெரிமா காசே" (நன்றி) இவ்வளவையும் முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்டால் சந்தையில் முகம் மலரும், விலையும் கொஞ்சம் இறங்கும். அவர்கள் பேசும் தமிழும் நம் தமிழிலிருந்து சற்று வேறு. யாரும் யாரையும் திருத்த வேண்டியதில்லை.

ஆச்சி, பகலெல்லாம் தனியாக என்ன செய்வது?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். கேட்கும்போது குரல் தாழ்ந்துவிடும், பக்கத்தில் அயித்தை இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு கேட்பார்கள்.

உண்மையைச் சொல்கிறேன். முதல் வாரம் ஊர் சுற்றல், வீடு அடுக்கல். அதற்கடுத்த வாரங்கள்தான் கடினம். அவர் விடிவதற்குள் கிளம்பிவிடுவார்; அங்கே சூரியன் எழுவதற்கே ஏழே கால் ஆகும். கதவு சாத்தியதும் சத்தம் நின்றுவிடும். நம் வீட்டில் வளவில் யாராவது நடப்பார்கள், பாத்திரம் உருளும், யாராவது யாரையாவது கூப்பிடுவார்கள், கூப்பிடுவது உங்களையாக இல்லாவிட்டாலும் வீட்டில் ஆள் இருக்கிறது என்று தெரியும். பதினான்காம் மாடியில் லிப்ட் மணிதான் கேட்கும். போனை எடுத்தால் ஊரில் மணி ஐந்துகூட ஆகியிருக்காது, இரண்டரை மணி நேரம் பின்னால்.

இதற்கு மருந்து ஒன்று என்று இல்லை. நான் சொல்வது: முதல் மாதத்திலேயே பஸ் ஏறிப் பழகுங்கள். காரில் அவர் கூட்டிப் போனால் ஊர் உங்களுக்குத் தெரியவே தெரியாது. பஸ்ஸில் கோம்தார் பஸ் நிலையம் வரை போய், சௌராஸ்தா சந்தையில் இறங்கி, நடந்து லிட்டில் இந்தியா வந்து, பூ வாங்கிக்கொண்டு திரும்பினால் ஒரு காலைப் பொழுது போகும், நாலு முகம் பழகும். பூக்கடையில், மளிகைக்கடையில் நீங்கள் எந்த ஊர் என்று கேட்பார்கள். சொல்லுங்கள். "என் தாத்தாவும் அந்தப் பக்கம்தான்" என்று ஆரம்பிப்பவர் ஒருவராவது இருப்பார். இந்தப் பழக்கத்தில்தான் எங்களுக்குப் பிள்ளையார் நோன்பு இழை எடுக்கும் கூட்டமே சேர்ந்தது.

மாமியார் வீட்டுக்குத் தினமும் வீடியோ போட்டு மூன்று மணி நேரம் பேசுவதை ஆறுதலாக நினைக்காதீர்கள். உடம்பு அங்கே, மனசு இங்கே என்று இரண்டுங்கெட்டானாகிவிடும். பேசுங்கள், ஆனால் நேரம் வைத்துப் பேசுங்கள்.

கணவர்களுக்கும் ஒரு சொல். உங்களுக்கு அலுவலகம் இருக்கிறது, காப்பி குடிக்க ஆள் இருக்கிறது. சாயங்காலம் களைத்து வந்து போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால், பகல் முழுக்கப் பேசாமல் இருந்தவள் யாரிடம் பேசுவாள்? மனைவி வேலைக்குப் போய்க் கணவர் வீட்டில் இருக்கும் தம்பதியும் எனக்குத் தெரியும். அவர்களுக்கு இதே சிக்கல்தான், கூடவே ஊர் வாயும்.

சண்டை வந்தால் அங்கே யார் சமாதானம் செய்வது?

யாருமில்லை. ஊரில் சண்டை போட்டால் ஒருவர் முகப்புக்குப் போய்விடலாம், ஒருவர் அடுப்படிக்கு. நடுவில் அயித்தையோ அண்ணமிண்டியோ (அண்ணன் மனைவியோ) "சாப்பிட்டியா" என்று கேட்டு இரண்டு பக்கமும் இறக்கிவிடுவார்கள். அங்கே இரண்டு அறை, ஒரு பால்கனி.

எங்களுக்கு உதவியது நம் பழைய வழக்கம்தான். வேறு வைக்கும்போது கணக்கைத் தெளிவாகப் பிரித்துக் கொடுப்பார்கள் அல்லவா? அதேபோல வீட்டுச் செலவு இவ்வளவு, ஊருக்கு அனுப்புவது இவ்வளவு, அவரவர் கைச்செலவு இவ்வளவு என்று எழுதிப் பிரித்துக்கொண்டோம். நாத்தனார் பிரசவத்துக்கு என்ன செய்தாய், உன் தம்பிக்கு என்ன அனுப்பினாய் என்ற பேச்சு அதோடு குறைந்தது. மிச்சச் சண்டையைப் போட்டுத்தான் தீர்க்க வேண்டும். ஊருக்குப் போன் போட்டு ஆளுக்கொரு கட்சி சேர்க்காமல் இருந்தால் சீக்கிரம் தீரும்.

பணம், வரி?

சுருக்கமாக மூன்று விஷயம். மலேசியாவில் ஒரு காலண்டர் வருஷத்தில் 182 நாள் இருந்தால் அந்த ஊர் வரிக் கணக்கில் நீங்கள் அங்கே வசிப்பவர், படிப்படியான வரி. இல்லாவிட்டால் சம்பளத்துக்கு நேராக 30 சதவீதம். விதிவிலக்குகள் உண்டு என்றாலும், வருஷக் கடைசியில் போய்ச் சேருகிறவர்கள் இதை நிறுவனத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாவது, ஊர் வங்கியில் இருக்கும் சாதாரணச் சேமிப்புக் கணக்கை அப்படியே ஓட்டக் கூடாது, வெளிநாட்டில் வசிக்கும் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். மூன்றாவது, அங்கிருந்து அனுப்பும் சம்பளப் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு வைத்துக்கொண்டால் அந்த வட்டிக்கு இங்கே வரியில்லை. வட்டி விஷயத்தை நம் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்கினால் சிரிப்பார்கள்.

உடம்புக்கு வந்தால்?

பினாங்கில் தனியார் மருத்துவமனைகள் நன்றாக இருக்கும். பக்கத்து நாடுகளிலிருந்து வைத்தியத்துக்கென்றே வருகிறார்கள். செலவு அதற்குத் தக்கபடி. நிறுவனக் காப்பீடு மனைவியையும் சேர்க்கிறதா, பிரசவம் அதில் உண்டா என்று சேரும் முன்பே பாருங்கள். அரசு மருத்துவமனையில் வெளிநாட்டாருக்குக் கட்டணம் கூடுதல்.

டெங்கு உண்டு. பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், மனிபிளான்ட் குப்பியை மறக்காதீர்கள்.

பிள்ளை அங்கே பிறந்தால் மலேசியப் பிரஜையா?

இல்லை. அப்பா அம்மா இருவரும் இந்தியப் பாஸ்போர்ட்டில் வேலைக்கு வந்தவர்கள் என்றால் அங்கே பிறந்ததால் மட்டும் குடியுரிமை வராது. அங்கே பிறப்பைப் பதிந்து, ஒரு வருஷத்துக்குள் இந்தியத் தூதரகத்திலும் பதிய வேண்டும். மருந்துச் சாமானும் பத்தியமுமாக ஆத்தா (அம்மா) ஒருவர் வந்து கூட இருக்கத் தோதாகத் தேதி பார்த்துச் சீட்டுப் போடுங்கள்.

பெரியவர்களை அழைத்துப் போய் வைத்துக்கொள்ளலாமா?

2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு 30 நாள்வரை விசா இல்லாமல் போக அனுமதி இருக்கிறது. காலவரம்பு வைத்து நீட்டித்து வருகிறார்கள், கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு அந்த 30 நாளே அதிகம் என்பது என் எண்ணம். திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறவரை மாடியில் உட்காரவைத்தால் எத்தனை நாள் கடலையே பார்ப்பார்? தைப்பூசத்தை ஒட்டி அழைத்தால் மழையும் குறைவு, போக இடமும் இருக்கும்.

ஊரில் ஒரு கெட்டது என்றால் வந்து சேர முடியுமா?

அன்றைக்கே முடியாமல் போகலாம். நேரடி விமானம் கிடைத்தால் சென்னை, அங்கிருந்து காரோ ரயிலோ. கோலாலம்பூர், திருச்சி வழியாக வந்தால் சில நேரம் அதுவே வேகம். பாஸ்போர்ட், பாஸ் இரண்டும் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பாஸ் புதுப்பிப்புக்காகப் பாஸ்போர்ட்டை அலுவலகத்தில் கொடுத்திருக்கும் நாட்கள்தான் வயிற்றைக் கலக்கும். ஒரு டிக்கெட்டுக்கான பணத்தைத் தனியாக எடுத்துவைத்து அதைத் தொடாதீர்கள். காத்திருக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்த பெரியவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் சொன்னவர்கள் சொல்லைக் கேட்டுக்கொள்வதுதான் மரியாதை. வந்து கேதம் கேட்டு, பதினாறுக்கு இருந்துவிட்டுப் போகலாம்.

எப்போது ஒரேயடியாகத் திரும்பி வருவீர்கள்?

பாஸ் எத்தனை வருஷத்துக்குக் கொடுக்கிறார்களோ அத்தனை வருஷம் கேட்டு முடித்து, மறுபடி முதலிலிருந்து கேட்கிறார்கள். அந்தக் காலத்து மூன்று வருஷக் கணக்கு இதைவிடத் தெளிவு. அதற்குள் ஊர் வீட்டில் எங்கள் பங்கு ஓட்டை மாற்ற வேண்டும், ஆத்தங்குடிக் கல் பெயர்ந்த இடத்தைப் பதிக்க வேண்டும். அதற்கே போய் வந்துகொண்டிருக்கிறோம்.

வரும்போது என்ன வாங்கி வருவாய்?

சாதிக்காய் ஊறுகாய், பருப்பு வைத்த சீன பிஸ்கட், மைலோ, கோடாலித் தைலம். கோடாலித் தைலம் எத்தனை புட்டி, பெரியதா சின்னதா என்று போன வாரமே சொல்லியிருக்க வேண்டும். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள், பெட்டி எடையோ ஏற்கெனவே ஏறிக் கிடக்கிறது.